இடக்கை மரம்

முதல் செவ்வாய்க்கிழமை
ஆளுக்கொரு தாள், ஒரு கரித்துண்டு,
கொஞ்சம் வெள்ளை ரொட்டி.
தின்னத் தந்தது என்று நான் கடித்துவிட்டேன்.
அழிப்பதற்காம்.
மாரிக்கா சிரிக்கவில்லை.
நடுப்பஞ்சைப் பிய்த்து இன்னொரு உருண்டை தந்தாள்.

கோத்லா-யார்வேயில் மூன்றாவது மாடி,
முன்பு இது சுரங்கத்தின் சம்பள ஆபீஸ்.
இதே ஜன்னலோரம் வரிசையில் நின்று
வாங்கிய காசை
இருட்டுவதற்குள் குடித்துத் தீர்த்திருக்கிறேன்.
இப்போது ஜன்னலுக்கு வெளியே சாம்பல் மேடு.
அதன் சரிவில்
யாரும் நடாமல் முளைத்த பிர்ச் மரங்கள்.
கண்ணில் படுவதை வரையுங்கள் என்றாள்.

இருபத்திரண்டு வருடம் எண்ணெய்க் கல் வெட்டியவன்.
கரி படிந்த கை எனக்குப் பழக்கம்,
கரியைப் பிடிக்கும் கைதான் புதிது.

அது நடுங்கிற்று.
நிறுத்தி அன்றைக்கு ஒன்பது நாள்.
கோப்பையில் தேநீர் நிற்காது.
சட்டைப் பொத்தானைத் தாமிலாதான் போட்டுவிடுவாள்
(அவளுடையது ஊசி. கை நின்றுவிட்டது,
தூக்கம்தான் இன்னும் வந்து சேரவில்லை).
ஒரு கோடு கோணினால்
குடி முழுகிவிடாது என்றாள் மாரிக்கா,
எஸ்தோனியக்காரர்களின் நிதானமான ரஷ்ய மொழியில்.
தெரியும்.
என் குடி முழுகியது கோட்டினாலா?

நேராக இழுக்கப் பார்த்தேன், வரவில்லை.
விட்டுவிட்டேன்.
கை தன்பாட்டில் உதறிக்கொண்டே இறங்கிற்று.
உதறிய இடமெல்லாம் பட்டை,
நின்ற இடமெல்லாம் கறுத்த வடு.
பின்னால் வந்து நின்ற கென்னாடி
மெதுவாகச் சொன்னான்:
ராடிக், இது உரிகிறதடா.

பொய் சொல்வது எனக்குக் கைவந்த கலை.
அதை விட்டால்
கைக்கு வந்த முதல் கலை இதுதான்.

படம் யாரையும் குணமாக்காது.
டாக்டரும் மாத்திரையும் கீழ்த்தளத்தில்.
இங்கே கிடைப்பது
ஒன்றரை மணி நேரம் கைக்கு வேறு வேலை.
அவ்வளவுதான் என்றுதான்
நானும் நினைத்திருந்தேன்.

ஒன்பதாவது வாரம் கை நின்றுவிட்டது.
தேநீர் சிந்தவில்லை.
பொத்தான், கழுத்துப் பொத்தான்கூட, நானே.
அன்றைக்கு வரைந்த பிர்ச்
ஒரு மின்கம்பம்.
அழித்து வரைந்தேன், இன்னொரு மின்கம்பம்.
மேஜையெல்லாம் கறுத்த ரொட்டித் தூள்.

அப்போது வந்தது அது,
மிகவும் மரியாதையாக, தொப்பியைக் கழற்றிக்கொண்டு:
ஒரே ஒரு கிளாஸ்.
அரை கிளாஸ். நாளைக் காலை கை நடுங்கும்.
மரம் திரும்பி வரும்.

சம்பளம் வந்ததற்குக் குடித்திருக்கிறேன்,
வராததற்கும்.
அண்ணன் கல்யாணத்துக்கு, அவன் விவாகரத்துக்கு.
ஒரு மரத்துக்காக என்று
இதுவரை தோன்றியதே இல்லை.

வாய்விட்டே சொல்லிவிட்டேன்.
ஒருவரும் சிரிக்கவில்லை.
கென்னாடியின் நாற்காலி இரண்டு வாரமாகக் காலி.
அவன் பாதியில் விட்ட பூட்ஸ்
கிளிப்பில் தொங்கிக்கொண்டிருந்தது,
நாடா இல்லாமல்.

மாரிக்கா எழுந்து வந்தாள்.
என் வலது கையிலிருந்த கரியை எடுத்து
இடது கையில் வைத்தாள்.
போய் உட்கார்ந்துகொண்டாள்.

இந்தக் கை கிளாஸைப் பிடித்ததே இல்லை.
வலது கை குடித்த வருடங்களில் எல்லாம்
இது சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தது.
அதற்கு ஒன்றும் தெரியாது,
எப்படி அழுத்துவது, எங்கே நிற்பது.
நடுங்கிற்று. வேறு நடுக்கம்.
மரம் வந்தது,
ஒரு பக்கம் சாய்ந்து, கிளை கொஞ்சம் அதிகமாகி.
முதல் மரம் அளவுக்கு இல்லை.
பொய்யில்லாமல் சொல்கிறேன், அந்த அளவுக்கு இல்லை.

கிளம்பும்போது தாமிலா கேட்டாள்,
கென்னாடியின் பூட்ஸுக்கு
நாம் நாடா போட்டுவிடலாமா?
வேண்டாம் என்றாள் மாரிக்கா,
விளக்கை அணைத்தபடி.
வந்து அவனே கட்டிக்கொள்ளட்டும்.